கடல் திறப்பு விழா

எங்கள் ஊர்க் கடல் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே திறந்துதான் கிடக்கிறது. அது இன்னும் முறைப்படி திறக்கப்படவில்லை என்பது, கடற்கரை அழகு வாரியத்தின் செயலாளர் என் கடைக்கு வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் ஜன்னல் திரை தைக்கிறவன். வீட்டுத் திரை, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிப் போடுகிற திரை, துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்கான திரை, எதுவானாலும் முதலில் அளவுதான் கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன்.

"எதை மறைக்கணும் சார்?"

"கடலை."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"எவ்வளவு தூரம் தெரியுதோ அவ்வளவு தூரத்துக்கு."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. பல நாடுகளிலிருந்து கடற்கரை அறிஞர்கள் மாநாட்டுக்கு வருகிறார்களாம். முதல் நிகழ்ச்சி, எங்கள் கரையோரத்தின் அழகை அவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பது. சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்துவார், திரை விழும், கடல் தெரியும். அதற்கு முன்னால் ஒரு அறிஞர் கண்ணிலும் ஒரு சொட்டுக் கடல்கூடப் பட்டுவிடக் கூடாது.

"முன்னாடியே பட்டா என்ன சார்?"

"என்னப்பா இப்படிக் கேக்கறே? ஏற்கெனவே பார்த்ததைத் திறந்து வைக்கச் சொன்னா, அது சிறப்பு விருந்தினரை அவமானப்படுத்தற மாதிரி ஆகாதா?"

"பார்க்காம இருந்தாலும் உப்பு வாசனை வருமே சார்."

"அதுக்கு ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்."

எனக்கு ஒரு வியாதி உண்டு. அதிகாரி ஒருவர் சொல்லி முடித்தால், மூளை யோசிக்க ஆரம்பிப்பதற்குள் வாய் 'சரி சார்' என்று சொல்லிவிடும். அன்றைக்கும் சொல்லிவிட்டது. நானும் என் மனைவியும் பள்ளிக்கூட மைதானத்தில் துணியை விரித்துப் போட்டு, ஆளுக்கொரு மூலையிலிருந்து தைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தோம். சந்தித்தபோது அவள் சொன்னது ஒன்றுதான்.

"கடலுக்குத் தாவணி போட்ட முதல் ஆளு நீங்கதான். பெருமையா இருங்க."

திரையோடு விட்டிருந்தால் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அழைப்பிதழில் ஒரு படம் போட்டிருந்தார்கள். எந்த ஊர்க் கடலோ தெரியாது. நீல நீரில் ஒற்றைச் சிவப்புப் படகு லேசாகச் சாய்ந்து நிற்கும். அதில் ஒருவன் கரையைப் பார்த்துச் சோகமாக நின்றுகொண்டிருப்பான். அழைப்பிதழில் இருப்பதுதான் கடலிலும் இருக்க வேண்டும் என்று வாரியம் முடிவெடுத்தது. மற்ற படகுகளையெல்லாம் கரை வளைகிற முனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டச் சொல்லிவிட்டார்கள். படத்தில் நிற்கிறவனைப் போல ஒல்லியாக ஒருவனைத் தேடினார்கள். என் மனைவியின் தம்பி அகப்பட்டான்.

அவன் இயல்பில் ஒல்லியில்லை. காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தான். "முகத்துல அந்தச் சோகம் அப்படியே இருக்கு, சாப்பிட்டு உடம்பைத் தேத்திடாதீங்க" என்று செயலாளர் அவனிடம் கேட்டுக்கொண்டார். அவனுடைய படகு நீலம். கரையைப் பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் சிவப்பு அடித்தார்கள். மறுபக்கம் நீலமாகவே இருந்தது.

"அந்தப் பக்கத்தை யாரு பார்க்கப் போறாங்க? நீ மட்டும் திரும்பிடாதே. என்ன ஆனாலும் திரும்பக் கூடாது" என்றார் செயலாளர்.

படத்தில் படகு சாய்ந்திருந்தது அல்லவா, அதற்காக ஒரு பக்கத்தில் மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். மூட்டை நகர்ந்துவிடுமோ என்று பலகையோடு சேர்த்து அடித்துக் கட்டினார்கள். படத்தில் இருப்பவன் கையில் போன் இல்லை. அதனால் மச்சினன் போனைச் செயலாளர் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, சும்மா நிக்கற வேலைதானே. வலை இழுக்க வேணாம், வெயில்ல அலைய வேணாம்" என்றான் மச்சினன். அவனுக்கு எப்போதும் இப்படித்தான், எல்லாமே சுலபமாகத் தெரியும்.

விழா நாளன்று காலையிலேயே கரையைப் பெருக்கி, மணலில் இருந்த காலடித் தடங்களையெல்லாம் அழித்துவிட்டார்கள். கடற்கரை இன்னும் யாரும் வராத இடம்போல் இருக்க வேண்டுமாம். அறிஞர்கள் வந்த பஸ்ஸின் ஜன்னல்களுக்கும் நான்தான் திரை தைத்திருந்தேன். அவர்கள் இறங்கிய இடத்திலிருந்து நாற்காலி வரைக்கும் இரண்டு பக்கமும் துணி. உட்கார்ந்ததும் எதிரே என் திரை. அலைச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று ஒலிபெருக்கியில் வாத்தியம் அலறியது. வாசனைத் துணைக்குழு வரிசை வரிசையாக நடந்து ரோஜா வாசனையைத் தெளித்தது. முன்வரிசையில் ஒருவர் தும்மலோடு போராடிக்கொண்டிருந்தார்.

திரையை ஏற்றியிருந்த கயிற்றின் முனை என் கையில். மேடையில் ஒரு பொத்தான் இருந்தது. அது எதையும் திறக்காது. அதை அழுத்தினால் என் காலடியில் ஒரு பல்பு எரியும், எரிந்ததும் நான் கயிற்றை விட வேண்டும், அவ்வளவுதான். கம்பத்தில் கட்டிவைக்கலாமே என்றேன். போன தடவை ஏதோ ஒரு சிலையைத் திறந்தபோது முடிச்சு சிக்கிக்கொண்டு, விருந்தினர் துணியோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்றாம். ஆகவே கயிற்றைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும் என்பது வாரியத்தின் தீர்மானம். கயிறு கையை அறுத்துவிடாமல் இருக்க என் மனைவி உள்ளங்கையில் துணிக் கிழிசலைச் சுற்றிவிட்டாள்.

நான் நின்ற இடம் திரையின் ஓரம். தலையை இந்தப் பக்கம் திருப்பினால் அறிஞர்கள். அந்தப் பக்கம் திருப்பினால் கடல், அதில் சாய்ந்து நிற்கும் சிவப்புப் படகு, அதில் என் மச்சினன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது என்னால் மட்டும்தான்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. வருகிற வழியில் ஒரு நடைபாதையைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. வாரியத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"வாரியம் தொடங்கியபோது இங்கே என்ன இருந்தது? வெறும் தண்ணீர்! இன்றைக்கு அந்தத் தண்ணீருக்கு ஒரு நுழைவாயில் இருக்கிறது, ஒரு சின்னம் இருக்கிறது, அலுவலக நேரம் இருக்கிறது. முன்பெல்லாம் பொதுமக்கள் நினைத்த நேரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்பாரில்லை. அந்த ஒழுங்கீனத்துக்கு நாங்கள் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறோம்!"

கைதட்டினார்கள். பெரிய தொப்பி போட்டிருந்த ஒரு அம்மாள் மட்டும் கையைத் தூக்கினார்.

"கடல் இந்தத் துணிக்குப் பின்னாடிதானே இருக்கு?"

செயலாளர் ஓடிவந்தார். "அதை இந்தக் கட்டத்துல எங்களால உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

நேரம் போய்க்கொண்டிருந்தது. நடைபாதை முடிந்து, விருந்தினர் ஒரு குழாயைத் திறக்கப் போய்விட்டார். அறிஞர்களுக்குப் போரடிக்கக் கூடாதென்று வாரியம் அடுத்த ஏற்பாட்டில் இறங்கியது. கடலின் படங்களை என் திரையின்மேலேயே போட்டுக் காட்டினார்கள். கடலை மறைக்கிற துணியில் கடல் ஓடியது. அறிஞர்கள் எழுந்துபோய் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இயற்கைக் கடலில் இவ்வளவு தெளிவு கிடையாது" என்று மைக்கில் சொன்னார்.

அப்போதுதான் காற்று மாறியது. திரை வயிற்றைத் தள்ளிக்கொண்டு உப்பியது. கயிறு என் கையை இழுத்தது. நான் காலை மணலில் ஊன்றிக்கொண்டு கடல் பக்கம் பார்த்தேன். படகு காலையில் சாய்ந்திருந்ததைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது. மச்சினன் குனிந்து தகர டப்பாவால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றிவிட்டு நிமிர்ந்து கரையைப் பார்த்துச் சோகமாக நின்றான். மறுபடி குனிந்தான். சொன்ன சொல் தவறாத பையன்.

"என்னங்க, அவன் எதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு எழுந்திருக்கறான்?" என் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தண்ணி உள்ள போகுது போல."

"போல என்ன போல? மூட்டை வெச்ச பக்கம் முழுக்கத் தண்ணிக்குள்ள இருக்கு! என்ஜினைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க!"

மச்சினனுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அவன் என்ஜின் கயிற்றை இழுப்பது தெரிந்தது. இழுத்தான், இழுத்தான், புகைகூட வரவில்லை. பிறகு மூட்டைகளைப் பிடித்து இழுத்தான். வாரியம் செய்த ஒரே உருப்படியான வேலை அந்தக் கட்டுதான், அசையவே இல்லை. நீந்தி வரலாமென்றால் காய்ச்சலில் கிடந்த உடம்பில் தெம்பு ஏது? கடைசியில் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்ற ஆரம்பித்தான்.

செயலாளரைக் கூப்பிட்டேன். அவர் திரையின் ஓரத்தில் தலையை நீட்டிக் கடலைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட! வரவேற்பு குடுக்கறானே! யாரு சொல்லிக் குடுத்தது?"

"சார், அவன் உதவி கேக்கறான். படகு முழுகுது."

"சட்டையைப் போட்டுக்கிட்டு, கையை மட்டும் ஆட்டச் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, உயிரோட்டமா இருக்கு."

"உயிர் போயிடும் சார்!" என்றாள் என் மனைவி.

செயலாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இவங்களுக்கு அனுமதி அட்டை இருக்கா?"

கரையில் ஒரு மீட்புப் படகு இருந்தது. புத்தம் புதியது. பக்கத்தில் சீருடை போட்ட இரண்டு மீட்புக்காரர்கள் விறைப்பாக நின்றார்கள். நான் அவர்களைக் கைகாட்டினேன். "அதையாவது அனுப்புங்க சார்."

"அது எப்படி முடியும்? அதுல ரிப்பன் கட்டியிருக்கு."

பார்த்தேன். படகைச் சுற்றி அகலமான ரிப்பன், முன்னால் ஒரு பெரிய முடிச்சு.

"கடலைத் திறந்து வெச்சதும் மீட்புப் படகைத் திறந்து வைக்கணும். அதுதான் நிகழ்ச்சி வரிசை. திறக்காத படகு எப்படித் தண்ணியில போகும்? நாளைக்கு யாராவது கேட்டா யாரு பதில் சொல்றது?"

"இன்னிக்கு இவன் செத்தா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாள் என் மனைவி.

செயலாளர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அது எங்க வாரியத்துல வராதும்மா. நாங்க அழகு மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவர் தலைவரிடம் போனார். தலைவர் குனிந்து கேட்டுக்கொண்டார், நிமிர்ந்து மைக்கில் அறிவித்தார். "சிறப்பு விருந்தினர் இப்போது ஒரு லிஃப்டைத் திறந்து வைத்து அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். சற்று நேரத்தில் அதுவும் திறக்கப்படும். அதுவரைக்கும் கடலின் அமைதி குறித்து இன்னும் சில வார்த்தைகள்."

இதற்கிடையில் தொப்பிக்கார அம்மாள் கழிப்பறைக்குப் போகிறவர்போல எழுந்து திரையின் மறு ஓரத்துக்குப் போய்விட்டார். செயலாளர் பாய்ந்துபோய் மறித்தார். அவர்கள் பேசியது காற்றில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நீங்க பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன். அங்க ஒருத்தர் இடுப்பளவு தண்ணியில நிக்கறார். படகுக்குள்ளேயே!"

"நீங்க எதையும் பார்க்கலைன்னு வெச்சுக்கலாம். தயவுசெஞ்சு உங்க நாற்காலிக்குப் போங்க."

"யாராவது போய்க் காப்பாத்துங்களேன்!"

"விருந்தினர் வந்ததும் எல்லாரும் சேர்ந்தே பார்க்கலாம்" என்றார் செயலாளர் ஆறுதலாக.

என் மனைவி என் எதிரே வந்து நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபத்தில்தான் அவளுக்குக் கண்ணீர் வரும்.

"கயித்தை விடுங்க."

"பல்பு எரியலையே."

இப்படித்தான் சொன்னேன். என் வாய் சொன்னதைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அங்கே அவன் மார்பளவு தண்ணீரில் நின்று சட்டையைச் சுற்றுகிறான், இங்கே நான் காலடியில் இருக்கிற பல்பைப் பார்க்கிறேன். அவள் என்னைத் திட்டவில்லை. அழவில்லை. "அவன் இன்னும் திரும்பாம நிக்கறான் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தேன். நிஜம்தான். படகு அமிழ்ந்துகொண்டிருந்தது, அவன் சிவப்புப் பக்கத்தைக் கரைக்குக் காட்டிக்கொண்டே நின்றான். முனைப் பக்கம் திரும்பிக் கத்தினால், அந்தப் பக்கம் கட்டிப்போட்டிருக்கிற படகுகளில் யாருக்காவது கேட்டிருக்கும். திரும்பக் கூடாதென்று சொல்லியிருந்தார்களே, திரும்பவில்லை. அவனுக்கும் என் வியாதிதான்.

கயிற்றை விட்டுவிட்டேன்.

காற்று காத்துக்கொண்டிருந்ததுபோல் திரையை அள்ளி மேடையின்மேல் போட்டது. தலைவர் துணிக்குள் போனார், மைக்கோடு. "கடலின் அமைதி..." என்று உள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. அறிஞர்கள் ஒருசேர எழுந்தார்கள். கடல் இருந்த இடத்தில் இருந்தது. ரோஜா வாசனை ஒரு நொடியில் காணாமல் போனது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மீட்புப் படகை நோக்கி ஓடினேன். தையல்காரன் சட்டைப் பையில் கத்தரிக்கோல் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டான். மீட்புக்காரர்கள் இரண்டு பேரும் குறுக்கே வந்தார்கள்.

"அண்ணே, ரிப்பன்..."

வெட்டினேன்.

பின்னால் பெரிய கைதட்டல் எழுந்தது. என்னைத்தான் சிறப்பு விருந்தினர் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த மீட்புக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரிப்பன் விழுந்ததும் ஆளே மாறிவிட்டார்கள். அடுத்த நொடியில் படகு தண்ணீரில் இருந்தது. அதில் என் மனைவியும் இருந்தாள். எப்போது ஏறினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தொப்பிக்கார அம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று, "அங்க! அங்க!" என்று தொப்பியால் வழிகாட்டினார். மற்றவர்கள் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மச்சினன் படகின் மேல்விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அவனை இழுத்து ஏற்றிய கையோடு அவனுடைய படகு புரண்டு, நீலப் பக்கத்தை எல்லாருக்கும் ஒருமுறை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

கரைக்குக் கொண்டுவந்தார்கள். உதடு வெளிறி, பல் கிட்டித்து, உடம்பு அப்படி நடுங்கியது. பழைய காய்ச்சல் அப்படியே திரும்பிவிடும்போல் இருந்தது. போர்த்த எதுவும் இல்லை. மேடையில் கிடந்த திரையை இழுத்துவந்தோம். தலைவர் அதிலிருந்து உருண்டு வெளியே வந்தார். துணியை மடித்து மடித்து மச்சினனைத் தலையோடு சேர்த்துச் சுற்றினோம். மணலில் துணிக் குவியலாக உட்கார்ந்திருந்தான். என் மனைவி வெளியிலிருந்து அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போதுதான் கை எரிச்சல் தெரிந்தது. அழுகையும் வந்தது. நான் அதை மறைக்கவில்லை.

செயலாளர் மூச்சிரைக்க வந்தார்.

"டெய்லர், லிஃப்ட் திறந்துட்டாங்க! விருந்தினர் கார் வந்துக்கிட்டிருக்கு. திரையை ஏத்துங்க, சீக்கிரம்!"

"உள்ள ஆள் இருக்கு சார்."

"கொஞ்ச நேரம் வெளிய இருக்கச் சொல்லுங்க."

வாய் வழக்கம்போல் திறந்தது. 'சரி சார்' வரவில்லை. எனக்கே ஆச்சரியம். செயலாளர் என்னைவிட்டு அறிஞர்களிடம் ஓடினார். எல்லாரும் பஸ்ஸில் ஏறி, ஜன்னலை மூடிக்கொண்டு, இப்போதுதான் வருவதுபோல் மறுபடி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கொஞ்சம் பேர் ஏறியும்விட்டார்கள்.

அதற்குள் கார் வந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் இறங்கினார். பாவம், லிஃப்டுக்குள் இருந்து களைத்துப்போயிருந்தார். அவர் கடலைப் பார்க்கவில்லை. கடல்மேல் துணி இல்லையே. துணி எங்கே என்று தேடினார். மணலில் ஒரு குவியல் தெரிந்தது. பக்கத்தில் ஒரு தையல்காரன், ஒரு பெண், சீருடையில் இரண்டு பேர். எல்லாம் முறைப்படி இருந்தது. நேராக வந்தார். யாரும் தடுப்பதற்குள், பழகிய கை, துணியின் நுனியைப் பிடித்துக் கம்பீரமாக ஓர் இழுப்பு இழுத்தது.

மச்சினன் தெரிந்தான். சட்டையில்லாமல், நனைந்த முடியோடு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நடுங்கினான். தலைவர் கைதட்டினார். தலைவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். கேமராக்கள் பளிச்சிட்டன.

"இந்தச் சிறப்புமிக்க..." என்று ஆரம்பித்த விருந்தினர், எதைத் திறந்து வைத்தோம் என்று தெரியாமல் செயலாளரைப் பார்த்தார்.

மச்சினன் அண்ணாந்து அவரைப் பார்த்தான். பல் தந்தியடிக்க மெதுவாகக் கேட்டான்.

"ஐயா... இப்ப நான் திரும்பிக்கலாமா?"

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. தொப்பிக்கார அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செயலாளர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தார்.

என் மனைவி எழுந்து போய் விருந்தினர் கையிலிருந்த துணியைப் பிடித்தாள்.

"திறக்கறதெல்லாம் திறந்தாச்சு இல்ல? விடுங்க. என் தம்பிக்குக் குளிருது."

அவர் விடவில்லை. விடக் கூடாது என்றில்லை, எப்படி விடுவது என்று தெரியவில்லை அவருக்கு. நான்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து, துணியின் ஒரு மூலையை எடுத்து, மச்சினன் தோளில் அவரே போர்த்திவிட்டார்.

அதை யாரும் படம் எடுக்கவில்லை. ஒன்றை மூடி வைத்து அவருக்குப் பழக்கமில்லை. அதனால் கொஞ்சம் கோணலாகத்தான் போர்த்தியிருந்தார். என் மனைவி சரிசெய்தாள்.